கழற்றி மாட்டும் மின்சாரம்

உங்கள் வீட்டுச் சுவரில் உள்ள மூன்று துளைச் சாக்கெட்டை ஒருமுறை கூர்ந்து பாருங்கள். மேலே இருக்கும் துளை மற்ற இரண்டையும்விடப் பெரிதாக இருக்கும். பிளக்கிலும் அதற்குரிய முள் தடித்தும் சற்று நீண்டும் இருக்கக் காணலாம். இஃது ஏன் இவ்வாறு அமைந்தது? துளைகள் சுவரிலும் முட்கள் கம்பியிலும் இருக்கின்றனவே, இது மாறி இருந்தால் என்ன? நாள்தோறும் இதைப் பார்த்தும், ஆசிரியனாகிய பின்னரும்கூட, நான் இக்கேள்விகளைக் கேட்டதில்லை. என்னைக் கேட்க வைத்தது ஒரு வண்டி.

ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்கு முன் நான் ஒரு தொழிற்பயிற்சிக் கூடத்தில் இளம் ஆசிரியனாக இருந்தேன். கோடை விடுமுறையில் மாணவர் சிலரும் நானும் சேர்ந்து ஒரு நடமாடும் பட்டறை கட்டினோம். பழைய டிராக்டர் டிரெய்லர் ஒன்றின்மேல் தகரக் கூரை அமைத்து, உள்ளே ஒரு துளையிடும் இயந்திரம், ஒரு சாணை இயந்திரம், வைஸ் பொருத்திய மேசை, இரண்டு விளக்குகள் ஆகியவற்றை வைத்தோம். ஊர் ஊராகச் சென்று உழவர்களின் பம்புசெட்டுகளையும் கருவிகளையும் பழுது பார்ப்பது எங்கள் நோக்கம். உள்வேலைகள் யாவும் செம்மையாக முடிந்தன. நின்ற இடத்தில் வண்டிக்கு மின்சாரம் பெறுவது எப்படி என்பதை மட்டும் கடைசியில்தான் எண்ணிப் பார்த்தோம்.

முதல் ஊரில் கம்பியின் முனைகளைச் சீவி, ஓர் அரிசி ஆலையின் சாக்கெட் துளைகளில் செருகி, நழுவாதிருக்கத் தீக்குச்சிகளை வைத்து இறுக்கினோம். இந்த முறை உங்களில் பலருக்கும் தெரிந்திருக்கும், தெரிந்திருப்பது பெருமைக்குரியதன்று. இரண்டாம் ஊருக்குச் செல்லுமுன் “ஒழுங்காக”ச் செய்துவிட வேண்டும் என்று முடிவு செய்தோம். வண்டியின் பக்கத்தில் வீட்டுச் சாக்கெட் ஒன்றைப் பொருத்தினோம். நீண்ட கம்பி ஒன்றின் இரு முனைகளிலும் பிளக் மாட்டினோம். ஒரு பிளக் வீட்டுக்கு, மற்றொன்று வண்டிக்கு. இதைவிட எளிதான வழி வேறென்ன இருக்க முடியும் என்று எண்ணினோம்.

ஒரு மாணவன் வீட்டு முனையை முதலில் செருகிச் சுவிட்சையும் போட்டுவிட்டான். மறு முனையைக் கையில் பிடித்து வண்டியை நோக்கி மற்றொருவன் நடந்துகொண்டிருந்தான். அந்தப் பிளக்கின் பித்தளை முட்களில் 230 வோல்ட் மின்சாரம் நின்றது. அவன் விரல்களுக்கும் அதற்கும் இரண்டு அங்குலமே இடைவெளி. அவன் கால் இடறவே, பிளக் நழுவி வண்டியின் இரும்பு ஏர்க்காலில் விழுந்தது. பெருந்தீப்பொறி எழுந்தது, பியூஸ் போயிற்று, ஆலை இருண்டது. மாணவன் பிழைத்தான். எங்கள் அறிவால் அன்று, அவன் கை நழுவியதால்.

உடன் வந்திருந்த பட்டறை மேஸ்திரி கம்பியை எடுத்துப் பார்த்தார். “சார், மின்சாரம் இருக்கிற பக்கம் குழிக்குள்ளே இருக்கணும். வாங்குற பக்கம்தான் முள்ளை நீட்டலாம்” என்றார். அவர் பள்ளியில் அதிகம் படித்தவர் அல்லர். அந்த விதி எங்கிருந்து வந்தது என்று தேடத் தொடங்கினேன்.

1882-ஆம் ஆண்டு செப்டம்பர் 4-ஆம் நாள் நியூயார்க் நகரில் எடிசன் பேர்ல் தெரு மின்நிலையத்தைத் தொடங்கினார். அந்நாளில் மின்சாரம் என்றால் விளக்கு என்றே பொருள். வீடுகளில் விளக்குக்கு மட்டுமே கம்பி இழுத்தார்கள். பின்னர் இஸ்திரிப் பெட்டியும் விசிறியும் வந்தபோது அவற்றை மாட்ட இடம் இல்லை. ஆதலின், பல்பைக் கழற்றிவிட்டு விளக்குத் தாங்கியிலேயே அவற்றின் கம்பியைத் திருகினார்கள். நம் நாட்டிலும் பல்பு ஹோல்டரிலிருந்து இஸ்திரிப் பெட்டிக்கு மின்சாரம் எடுத்தவர் பலர். அமெரிக்கத் தாங்கி திருகு மரை உடையது. கருவியை மாட்டும்போது கம்பி முழுவதும் முறுக்கிக்கொள்ளும். வேறு சில இடங்களில் கம்பி முனைகளைச் சுவரில் உள்ள திருகாணிகளில் நேரே கட்டினர். கழற்றுவோர் ஒவ்வொரு முறையும் உயிரோடு விளையாட வேண்டியிருந்தது.

இதற்கு வழி கண்டவர் கனெக்டிகட் மாநிலத்துப் பிரிட்ஜ்போர்ட் நகரில் தொழிற்சாலை நடத்திய ஆர்வி அப்பெல். அவர் பெற்ற காப்புரிமை 1904-ஆம் ஆண்டு நவம்பர் 8-ஆம் நாள் வழங்கப்பட்டது. அவர் பிளக்கை இரண்டாகப் பிரித்தார். ஒரு பாதி விளக்குத் தாங்கியில் திருகப்பட்டு அங்கேயே இருக்கும்; மறு பாதி கருவியின் கம்பியோடு வரும். இரண்டையும் நேராகச் செருகலாம். நேராக இழுத்துப் பிரிக்கலாம். கம்பி முறுக்காது. இதில் நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று. தாங்கியில் நிற்கும் பாதியில் துளைகளும், கையில் வரும் பாதியில் முட்களும் இருந்தன. பிரிக்கும்போது மனிதன் கையில் வருவது மின்சாரம் இல்லாத பாதியே. மேஸ்திரி சொன்ன விதி அந்தச் சிறு பொருளில் அன்றே அமைந்திருந்தது.

ஆயினும் இரண்டு முட்கள் போதவில்லை. கருவியின் உள்ளே கம்பியின் உறை தேய்ந்து இரும்பு உடலைத் தொட்டால், உடல் முழுவதும் மின்சாரம் ஏறும். தொடுபவர் வழியே அது நிலத்துக்குச் செல்லும். அதற்கு முன்னரே நல்ல வழி ஒன்றை அமைத்துக் கொடுப்பதே மூன்றாம் முள்ளின் வேலை. அதை எர்த் என்கிறோம். பிரிட்டனில் 1934-இல் வெளியான 546-ஆம் எண் தரநிலை, எர்த் முள்ளோடு கூடிய உருண்டை முள் பிளக்குகளை வரையறுத்தது. நம் நாட்டு 6 ஆம்பியர், 16 ஆம்பியர் சாக்கெட்டுகள் அந்த மரபில் வந்தவை. எர்த் முள் தடித்திருப்பதால் அது வேறு துளையில் நுழையாது. நீண்டிருப்பதால் செருகும்போது முதலில் சேரும். இழுக்கும்போது கடைசியில் பிரியும். மின்சாரம் வருமுன் காவல் வந்துவிடும். மின்சாரம் போன பிறகே காவல் போகும்.

எங்கள் வண்டிக்கு இது மேலும் இன்றியமையாதது. வண்டி நிற்பது ரப்பர் சக்கரங்களின்மேல். அதன் இரும்பு உடலுக்கு நிலத்தோடு தொடர்பு இல்லை. எர்த் கம்பி அறுந்திருக்க, உள்ளே ஒரு பழுதும் நேருமானால், பியூஸ் போகாது; வண்டி முழுவதும் மின்சாரத்தோடு அமைதியாக நிற்கும். வெறுங்காலோடு ஈர நிலத்தில் நிற்பவர் கதவைத் தொடும்போதுதான் அது தெரியவரும்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், போருக்குப் பின் கட்டப்போகும் வீடுகளின் மின் அமைப்பை ஆராயப் பிரிட்டனில் 1942-இல் ஒரு குழு கூடியது. அதில் இருந்த ஒரே பெண் கரோலின் ஆசுலெட் அம்மையார். வீட்டில் மின்சாரத்தோடு பழகுவோர் பெண்களும் குழந்தைகளும் என்பதை அறிந்து உழைத்தவர் அவர். 1947-இல் வந்த புதிய தரநிலையில் சாக்கெட்டின் துளைகளுக்குள் சிறு கதவுகள் அமைந்தன. எர்த் முள் நுழைந்தால்தான் அவை திறக்கும். குழந்தை ஆணியை நுழைத்தாலும் கதவு தடுத்து நிற்கும்.

அடுத்த படி அமெரிக்காவில் நிகழ்ந்தது. கலிபோர்னியப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சார்லசு டால்சீல், மனித உடல் எவ்வளவு மின்னோட்டத்தைத் தாங்கும் என்று தன்னார்வலர்களைக் கொண்டு அளந்தார். சராசரியாக 16 மில்லியாம்பியர் அளவிலேயே ஆடவன் பிடித்த கம்பியை விட முடியாமல் போகிறான் என்று கண்டார். 60 வாட் பல்பு ஒன்று 260 மில்லியாம்பியர் எடுத்துக்கொள்கிறது என்பதை நினைத்துப் பாருங்கள்! 6 ஆம்பியர் பியூஸ் கம்பியைக் காக்குமே அன்றி மனிதனைக் காக்காது. ஆகவே, போன மின்சாரமும் திரும்பிய மின்சாரமும் ஒத்திருக்கின்றனவா என்று ஓயாமல் ஒப்பிட்டு, 5 மில்லியாம்பியர் அளவு வேறுபட்டாலும் கணத்தில் துண்டிக்கும் கருவியை அவர் 1961-இல் படைத்தார். இன்று நம் வீடுகளில் பொருத்தும் 30 மில்லியாம்பியர் கசிவுத் துண்டிப்பானும் இதே நெறியில் இயங்குவதே.

இவற்றையெல்லாம் அறிந்த பிறகு வண்டிக்குத் திரும்பினோம். பக்கச் சுவரில் இருந்த சாக்கெட்டை எடுத்துவிட்டு, ஆலைகளில் பயன்படும் மூடியுள்ள முள் பொருத்தியை வைத்தோம். அதன் முட்கள் ஆழமான குழாய்க்குள் இருந்தன. வண்டி ஓடும்போது மூடி மழையைத் தடுத்தது. கம்பியின் ஒரு முனையில் பிளக், மறு முனையில் துளையுள்ள சாக்கெட். மூன்று இழைக் கம்பியையே பயன்படுத்தினோம். யாரேனும் காலிடறினால் பளு இணைப்பில் விழாமலிருக்க அதை ஒரு கொக்கியில் கட்டினோம். வண்டியின் இணைப்பை முதலில் மாட்டி வீட்டு இணைப்பைக் கடைசியில் மாட்டுவது, கழற்றும்போது வீட்டு இணைப்பை முதலில் கழற்றுவது என்று வரிசை வகுத்தோம். எந்த ஊருக்குப் போனாலும் அங்குள்ள எர்த்தைச் சோதித்த பின்னரே இணைத்தோம். பின்னாளில் கசிவுத் துண்டிப்பானும் சேர்ந்தது. அந்த வண்டி பல கோடைகள் ஊர் சுற்றியது. ஒருவருக்கும் தீங்கு நேரவில்லை.

இன்று தொழிற்சாலைகளிலும் ஐரோப்பிய நாட்டு வீட்டு வண்டிகளிலும் நீல நிறப் பொருத்திகளைக் காணலாம். நீலம் 230 வோல்ட்டுக்கு; சிவப்பு 400 வோல்ட்டுக்கு. மின்னழுத்தத்துக்கு ஏற்ப எர்த் முள்ளின் இடமும் மாறும். எனவே தவறாகச் செருகவே இயலாது. மனிதன் மறப்பான், அவசரப்படுவான், இருட்டில் தடுமாறுவான் என்று அறிந்தவர்கள் அமைத்த பொருள் அது.

மாணவர்களே, நீங்களும் நாளை வண்டி கட்டுவீர்கள். மாடியில் விளக்குப் போடுவீர்கள். திருவிழாப் பந்தலுக்குக் கம்பி இழுப்பீர்கள். தெரியாத வேலையை உரிமம் பெற்ற மின்பணியாளரிடம் விட்டுவிடுங்கள். எவர் செய்தாலும் அருகில் நின்று ஒரு கேள்வி கேளுங்கள்: “இதைப் பிரித்தால், மின்சாரம் எந்தப் பக்கம் நிற்கும்?” அன்று அந்த ஆலை வாசலில் நான் கேட்கத் தவறிய கேள்வி அதுவே.