தூசுறிஞ்சியும் நாக்ஸ்பேட்டையும்

அல்சூரை ஒட்டிய மர்பி டவுனின் பழைய பெயர் நாக்ஸ்பேட்டை. சிவில்-மிலிட்டரி ஸ்டேஷனில் பணிபுரிந்த பொறியாளர் மர்பியின் பெயரைப் பின்னர் ஏற்றது. இங்கு வாழ்ந்தோரில் பெரும்பாலோர் தமிழ் உழைப்பாளர். கண்டோன்மெண்ட் பங்களாக்களில் சமைத்தும் துவைத்தும் பெருக்கியும் பிழைத்தோர் அவருட் பலர். பங்களாக்களின் வரலாற்றுக்குப் படங்களும் கடிதங்களும் உள்ளன. பெருக்கியவர் வரலாற்றுக்கு ஒரு துடைப்பமும் எஞ்சவில்லை.

ஆகவேதான் சிவாஜி நகரின் குஜிரிக் கடையொன்றில் வாங்கிய, துணிப்பையும் நெடுங்கைப்பிடியும் கொண்ட பழைய தூசுறிஞ்சியை ஆவணமாகவே கருதி வீட்டில் பழுதுபார்த்தேன். (தூசுறிஞ்சி ஏட்டுச்சொல்; தெருவில் அது வேக்குவம் கிளீனர்தான்.)

1901இல் இலண்டனில் ஹியூபர்ட் செசில் பூத் உருவாக்கிய உறிஞ்சும் இயந்திரம் குதிரை வண்டியில் வந்து தெருவில் நிற்கும். குழாய்கள் சன்னல்வழியே வீட்டினுள் செல்லும். கையால் தள்ளும் மின்கருவிக்கு 1908இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றவர் ஜேம்ஸ் மரே ஸ்பாங்ளர். அவர் ஒரு கடையின் துப்புரவுப் பணியாளர், ஆஸ்துமா நோயாளி. தலையணையுறையே அவருடைய முதல் தூசுப்பை. அவ்வுரிமையை வாங்கிய ஹூவரின் பெயரே நிலைத்தது. பெருக்கியவன் தன் மூச்சுக்காகச் செய்த கருவி, விளம்பரங்களில் இல்லத்தரசியின் சொகுசாயிற்று. கூலி மலிந்த நம் நாட்டிலோ அதைத் தள்ளுவதும் பெரும்பாலும் வேலையாள் பாடே.

பழுதுபார்ப்பில் விந்தையில்லை. உள்ளிருப்பது நேர்மின்னோட்டம், மாறுமின்னோட்டம் இரண்டிலும் ஓடும் யுனிவர்சல் மோட்டார். தேய்ந்த கார்பன் பிரஷ்களை மாற்றினேன். கம்யூடேட்டரை மென்மையான உப்புத்தாளால் துடைத்தேன். எமரித்தாள் கூடாது, அதன் துகள் மின்சாரம் கடத்தும். தொட்டாலே உதிர்ந்த ரப்பர் வயரை முற்றிலும் நீக்கினேன். முதன்முறை ஓட்டுகையில் பல்பு ஒன்றைத் தொடரிணைப்பில் சேர்ப்பது கட்டாயம். உள்ளே ஷார்ட் இருப்பின் மின்னோட்டத்தைப் பல்பு மட்டுப்படுத்தும், மோட்டார் கருகாது.

பையில்தான் தயங்கினேன். அதன் அடிப்புறக் கிழிசலை யாரோ கோணியூசியால், தடித்த நூல்கொண்டு, நெருக்கமாகத் தைத்திருக்கிறார். எசமானியம்மாளின் பூத்தையல் அன்று. வேலை நின்றுவிடாதிருக்கப் போட்ட தையல். புதுப்பை தைத்தால் கருவி நன்றாக உறிஞ்சும். ஆனால் கருவியில் எஞ்சிய ஒரே கையெழுத்து அழியும். பழம்பொருள் சேகரிப்போர் பளபளப்பையே மீட்பென்பர்; எனக்கு அதில் உடன்பாடில்லை. ஓட்டிப் பார்க்க வேறொரு பை தைத்துக்கொண்டேன். பழைய பையைத் துவைக்கவில்லை. தூசியோடு காகிதத்தில் சுற்றி, கழற்றிய கார்பன் துண்டுகளையும் உடன்வைத்து, நாளிட்டிருக்கிறேன்.