புரொபகண்டா

1622இல் போப் பதினைந்தாம் கிரிகோரி, கத்தோலிக்க நம்பிக்கையைப் பரப்ப ஒரு பேராயம் நிறுவினார். அதன் லத்தீன் பெயரிலிருந்து வந்த சொல் இது. ‘பரப்ப வேண்டியது’ என்று பொருள். அதன் வினைவேர், பதியன் போட்டுச் செடியைப் பெருக்குவதைக் குறித்தது.

முதல் உலகப் போரில் அரசுகள் மெய்யும் பொய்யும் கலந்து பரப்பியதில் சொல் கறைபட்டது. அப்போது அமெரிக்க அரசின் செய்திக் குழுவில் இருந்த எட்வர்ட் பெர்னேஸ், அதே வேலையைப் பின்னர் ‘மக்கள் தொடர்பு’ என்ற பெயரில் செய்தார்.

லக்கி ஸ்டிரைக் சிகரெட்டின் பச்சைப் பெட்டி உடைக்குப் பொருந்தவில்லை என்று பெண்கள் பலர் அதை ஒதுக்கினார்கள். பெட்டியின் நிறத்தை மாற்றப் புகையிலை நிறுவனத்தின் தலைவர் மறுத்தார். அந்த நிறுவனத்துக்காகப் பெர்னேஸ் 1934இல் பச்சையையே நாகரிகமாக்கப் புறப்பட்டார். நியூயார்க்கின் வால்டார்ஃப் அஸ்டோரியாவில் சீமாட்டிகள் பச்சை உடுத்தி வரும் நடன விருந்து நடந்தது. துணி வணிகர்களும் பேஷன் பத்திரிகைகளும் பச்சையைக் கொண்டாடின. பின்னால் நின்ற புகையிலை நிறுவனம் வெளியே தெரியவே இல்லை. எனக்கு இது பச்சை ஏமாற்று.

விளம்பரம் தன் முதலாளியைக் காட்டிவிடும், இத்தகைய புரொபகண்டா காட்டாது. பேஷனோ கிரிக்கெட்டோ அரசியலோ, செய்தியைப் படிக்கும்போது யார் பணத்தில் வந்தது என்று கேளுங்கள்.