இடையன்குடியின் கூர்வளைவுகள்

கால்டுவெல் என்ற பெயரைக் கேட்டதும் தமிழ் பயின்றோர் நினைவுக்கு வருவது ஒப்பிலக்கணமே. 1856இல் இலண்டனில் வெளிவந்த அந்நூலைக் காட்டிலும் நீண்ட காலம் அவர் உழைத்து முடித்த பணி ஒன்றுண்டு. அது, திசையன்விளைக்கு அருகே இடையன்குடியில் நிற்கும் தூய திரித்துவ ஆலயம். 1847இல் அடிக்கல் நாட்டப்பெற்ற அவ்வாலயம் 33 ஆண்டுகளுக்குப் பின்னர், 1880 ஜூலை 6ஆம் நாள் வழிபாட்டுக்குத் திருநிலைப்படுத்தப்பட்டது. ஒப்பிலக்கணம் அச்சேறியபோது ஆலயத்திற்கு வயது ஒன்பது. திருத்திய இரண்டாம் பதிப்பு 1875இல் வந்தபோதும் பணி முடிந்திருக்கவில்லை. நூலைப் பக்கம் பக்கமாகப் போற்றும் இலக்கிய வரலாறுகள் ஆலயத்தை ஒரு வரியில் கடந்துவிடுகின்றன.

புளியங்குடியிலிருந்து நெல்லை, நாங்குநேரி வழியாக நாங்கள் அங்குச் சென்றோம். மேற்குமலை அடிவாரத்து எலுமிச்சைத் தோட்டங்கள் பின்தங்க, வழி நெடுக நிலம் வறண்டுகொண்டே வந்து, இறுதியில் செம்மணல் தேரியும் பனைமரங்களுமாக விரிகிறது. மலையும் வயலும் கண்டு பழகிய கண்ணுக்கு இது வேறொரு திணை. இந்நிலத்தின் நடுவே கூர்வளைவுச் சாளரங்களுடன் ஒரு கோதிக் பாணி ஆலயம் எழுந்தது எங்ஙனம் என்பதே எங்களுக்குள் எழுந்த கேள்வி.

காலம் முதற்காரணம். 1834இல் இலண்டன் நாடாளுமன்றக் கட்டடம் தீக்கிரையாயிற்று. 1840இல் தொடங்கிய புதுக்கட்டடம், பாரி, பியூஜின் ஆகியோரின் கைவண்ணத்தில் இடைக்காலக் கோதிக் பாணியிலேயே எழுந்தது. கோயிலுக்குரிய வடிவம் கோதிக்கே என்ற எண்ணம் அந்நாளைய ஆங்கிலத் திருச்சபையிலும் வேரூன்றியது. அயர்லாந்தில் 1814இல் பிறந்த கால்டுவெல், இளமையில் டப்ளினில் ஓவியக் கலை பயின்றவர். பின்னர் கிளாஸ்கோவில் மொழிகளைக் கற்றார். 1838இல் சென்னை வந்திறங்கிய அவர், 1841இல் ஆங்கிலத் திருச்சபையில் இணைந்து, பெரும்பகுதி வழியைக் கால்நடையாகவே கடந்து இடையன்குடி சேர்ந்தார். ஊருக்கு நேரான தெருக்களை வகுத்தார், கிணறுகள் தோண்டுவித்தார். அவர்தம் துணைவியார் எலைசா பெண்களுக்குப் பள்ளி நடத்தினார். பின்னல் வேலையும் கற்பித்தார்.

வரைபடம் வரைய ஓவியப் பயிற்சி உதவியிருக்கும். கட்டியோர் உள்ளூர்த் தொழிலாளர்கள். நெல்லையப்பர் கோயில் மண்டபங்களில் நாம் காணும் மரபு தூணும் உத்தரமும் சார்ந்தது. அங்கே கல் கல்லின்மேல் கிடைமட்டமாகக் கிடக்கிறது. கூர்வளைவில் ஒவ்வொரு கல்லும் அடுத்த கல்லின்மீது சாய்ந்து, சுமையைப் பக்கச் சுவர்களுக்குக் கடத்துகிறது. நடுக்கல் பொருந்தும் வரை வளைவு தன்னைத் தாங்காது. சாரம்தான் தாங்க வேண்டும். இந்த அயல் இலக்கணத்தைக் கொத்தனார்களுக்கு விளக்க, கால்டுவெல் சாளரங்களையும் வளைவுகளையும் களிமண்ணில் செய்து காட்டினார் என்பர். பார்த்து, தொட்டு, அளந்து, அவர்கள் அதைக் கல்லில் எழுப்பினர். உள்ளே நின்று அண்ணாந்து பார்த்தபோது எங்களை வியக்க வைத்தது அந்தக் கைகளின் திறமே.

அக்கைகள் எவருடையவை என்பதில்தான் இவ்வரலாற்றின் முள் இருக்கிறது. அடிக்கல் நாட்டிய இரண்டாம் ஆண்டில், 1849இல், இவ்வட்டாரத்துப் பனைத்தொழில் மக்களைப் பற்றிக் கால்டுவெல் ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளியிட்டார். அம்மக்களின் தோற்றம், அறிவு, ஒழுக்கம் ஆகியன அதில் தாழ்த்தியே எழுதப்பட்டிருந்தன. அச்சமூகத்தில் கல்வி பெற்று எழுந்த தலைமுறை 1880களில் அந்நூலைக் கடுமையாக எதிர்த்தது. மேலிடங்களுக்கு விண்ணப்பங்கள் அனுப்பியது. மறுப்பு எழுதும் ஆற்றலை அத்தலைமுறைக்குத் தந்தவற்றுள் மிஷன் பள்ளிகளும் உண்டு. தமிழின் தனித்தியங்கும் ஆற்றலை உலகறியச் செய்தவரே, அத்தமிழைப் பேசிய எளியோரை அவ்வாறு மதிப்பிட்டார். இவ்விரண்டில் ஒன்றை மறைத்துவிட்டு மற்றொன்றை மட்டும் சொல்வது வரலாறாகாது.

1876-78ஆம் ஆண்டுகளின் பெரும்பஞ்சம் தென்னகத்தை வாட்டிய நாள்களையும் கடந்தே ஆலயம் நிறைவெய்தியது. இடையே 1877இல் கால்டுவெல் பேராயராக அருட்பொழிவு பெற்றார். 1891 ஆகஸ்ட் 28 அன்று கொடைக்கானலில் மறைந்த அவரது உடல் இடையன்குடிக்குக் கொண்டுவரப்பட்டு இவ்வாலயத்தினுள்ளேயே அடக்கம் செய்யப்பட்டது. எம்மக்களைப் பற்றி அவர் எழுதிய சொற்கள் அவர்களைப் புண்படுத்தினவோ, அம்மக்கள் எழுப்பிய கூரையின் கீழ்தான் அவர் துயில்கிறார்.

சென்னைக் கடற்கரையில் 1968 உலகத் தமிழ் மாநாட்டையொட்டி அவருக்குச் சிலை எழுந்தது; இடையன்குடியில் அவர் வாழ்ந்த இல்லம் 2011இல் அரசு நினைவில்லமாயிற்று. அறிஞருக்கு உரிய சிறப்புகளே இவை. நினைவில்லம் காணச் செல்லும் தமிழன்பர்கள் ஆலயத்திற்குள்ளும் சென்று வரவேண்டும். ஒப்பிலக்கணத்தின் முகப்பில் ஆசிரியர் பெயர் உண்டு. இக்கூர்வளைவுகளைச் செதுக்கி அடுக்கியோரின் பெயரை நம் இலக்கிய வரலாறுகள் சொல்வதில்லை. அவர்கள் எழுதிய நூல் என இவ்வாலயத்தைப் படிக்கலாம்.