டிரவுட் மீனும் அக்டோபர் மாதப் பொய்ப்பூச்சியும்

வடக்கே வேலைக்கு வந்த நம்மவர்கள் குலு, மணாலி என்று குடும்பத்தோடு டூர் போனால் ஓட்டல் மெனு கார்டில் 'டிரவுட்' என்ற பெயரைப் பார்த்திருப்பீர்கள். இமயமலையில் ஆதிகாலத்திலிருந்தே நீந்திக்கொண்டிருக்கும் மீன் என்றுதான் பலரும் நினைக்கிறோம். இல்லை. நம்மைப் போலவே அதுவும் வெளியூரிலிருந்து வந்து குடியேறியதுதான்!

1860களிலேயே பிரான்சிஸ் டே என்ற டாக்டர் நம் நீலகிரிக்கு டிரவுட்டைக் கொண்டுவரப் பாடுபட்டார். சரிப்பட்டு வரவில்லை. அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் வில்சன் என்பவரின் முயற்சியில்தான் அங்கே ரெயின்போ டிரவுட் நிலைத்தது. காஷ்மீருக்கு 1899-ல் வந்த முட்டைகள் வழியிலேயே அழிந்தன. 1900 டிசம்பரில் ஸ்காட்லாந்திலிருந்து வந்தவை பிழைத்தன. அங்கிருந்து 1909 வாக்கில் குலு பள்ளத்தாக்குக்கு வந்து, பியாஸ், தீர்த்தன் என்று பரவின.

மீனோடு அதைப் பிடிக்கும் வித்தையும் கப்பலேறி வந்தது. மண்புழு கிடையாது. முள்ளில் நூலும் இறகும் சுற்றிப் பூச்சி மாதிரியே செய்வார்கள். 'ஃப்ளை' என்று பெயர். இது இங்கிலாந்துக்காரன் கண்டுபிடிப்பு என்று நினைத்துவிடாதீர்கள். ஏறத்தாழ 1800 வருஷங்களுக்கு முன்பே ஈலியன் என்ற ரோமானியர் எழுதி வைத்திருக்கிறார்: மாசிடோனியாவில் முள்ளின் மேல் சிவப்புக் கம்பளி நூலைச் சுற்றி, சேவல் கழுத்து இறகு இரண்டைக் கட்டுவார்களாம். நிஜப் பூச்சியையே மாட்டினால் என்ன? கை பட்டதும் அதன் நிறம் போய்விடும், அதனால்தான்.

சரி, எந்த மாதத்துக்கு எந்த ஃப்ளை? 1496-ல் இங்கிலாந்தில் அச்சான ஒரு நூல் 12 ஃப்ளைகளை மாதவாரியாகப் பட்டியல் போட்டது. ஆனால் அது மார்ச்சில் ஆரம்பித்து ஆகஸ்டோடு நின்றுவிடுகிறது. இலையுதிர்காலத்துக்கு ஒன்றுமே இல்லை! 1676-ல் சார்லஸ் காட்டன்தான் வருஷம் முழுவதற்கும் எழுதினார். அவர் கணக்குப்படி மார்ச் மாத ஃப்ளைகளே அக்டோபருக்கும் போதும். யோசித்தால் நியாயமாகத்தான் படுகிறது. இரண்டுமே தண்ணீர் சில்லென்று இருக்கும் மாதங்கள், பறக்கும் பூச்சிகளும் சின்னவை.

அப்புறம் வந்தது பெரிய சண்டை. 1857-ல் ஸ்காட்லாந்தின் ஸ்டூவர்ட், நாலைந்து ஃப்ளை போதும், போடுகிற விதம்தான் முக்கியம் என்றார். 1886-ல் ஹால்ஃபோர்ட், நிஜப் பூச்சியை அச்சு அசலாக நகலெடுக்க வேண்டும் என்றார். நம் பாங்க் பாஷையில் சொன்னால், ஹால்ஃபோர்ட் பைசா வரை டேலி ஆகவேண்டும் என்று நிற்கும் ஆடிட்டர்!

மலை ஓடையைப் பொறுத்தவரை என் ஓட்டு ஸ்டூவர்ட்டுக்குத்தான். ஹால்ஃபோர்ட் பார்த்தது தென் இங்கிலாந்தின் மெதுவான, கண்ணாடி மாதிரி ஆறுகள். அங்கே மீனுக்கு நின்று நிதானமாகப் பார்க்க நேரம் உண்டு. பாறையில் மோதி ஓடும் ஓடையில் ஒரு நொடிதான். அதற்குள் கவ்வ வேண்டும், இல்லையேல் இரை போச்சு.

ஆனால் மழைக்காலம் முடிந்ததும் கதை கொஞ்சம் மாறும். நீர் வற்றித் தெளிந்துவிடும், மீன் உஷாராகிவிடும். அப்போது நிறத்தைவிட அளவுதான் முக்கியம். 16, 18 நம்பர் முள் (நம்பர் கூடக்கூட முள் சின்னது), சாம்பல் அல்லது பழுப்பு நிற ஃப்ளை, மெல்லிய நரம்பு. மத்தியான வெயிலில் கரையோரப் புல்லிலிருந்து எறும்பும் வெட்டுக்கிளியும் விழும். அந்த நேரத்துக்கு அவற்றின் வடிவம். பட்டியலைப் புரட்டுவதற்கு முன்னால் ஓடையில் ஒரு கல்லைப் புரட்டிப் பாருங்கள். அடியில் ஒட்டியிருப்பதுதான் அன்றைய மெனு கார்டு.

இதில் நம் ஊர் பங்கும் உண்டு. நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் சாம்பல் காட்டுக்கோழிச் சேவலுக்குக் கழுத்து இறகில் மெழுகுப் பொட்டு வைத்தது போல மஞ்சள் புள்ளிகள் இருக்கும். சால்மன் ஃப்ளை கட்டுகிறவர்களுக்கு அதன்மேல் அப்படி ஒரு மோகம். பறவைகளைக் கொன்று இறகை ஏற்றுமதி செய்தார்கள். 1960களின் பிற்பகுதியில் இந்திய அரசு தடை போட்ட பிறகுதான் அந்த வியாபாரம் அடங்கியது. இங்கே வந்த டிரவுட்டும் சும்மா இருக்கவில்லை. நம் ஓடைகளின் சொந்த மீனான 'ஸ்னோ டிரவுட்'டோடு இடத்துக்கும் இரைக்கும் போட்டி போடுகிறது.

ஆகவே தூண்டிலோடு போகிறவர்கள் மீன்வளத் துறை லைசென்ஸ் எடுத்துக்கொண்டு போங்கள். ஹிமாச்சலில் நவம்பர் முதல் பிப்ரவரி வரை டிரவுட் பிடிக்கத் தடை. அது முட்டையிடும் காலம். அக்டோபர் கடைசியிலேயே கூழாங்கல் படுகையில் ஜோடியாக நிற்கும் மீனைக் கண்டால், எந்த ஃப்ளை என்று யோசிக்கவே வேண்டாம். பெட்டியை மூடிவிட்டு, பார்த்துக்கொண்டு மட்டும் இருங்கள்.