குழாய்க்கு ஹனஃபிய்யா என்னும் பெயர் வந்த கதை

மாலை வகுப்புக்கு வரும் பிள்ளைகள் உளூச் செய்வதற்கென்று சென்ற மாதம் எங்கள் வீட்டு வெளிச்சுவரில் ஒரு குழாய் அமைத்தேன். மாடித் தொட்டியிலிருந்து இறங்கும் பிவிசி குழாயை அறுத்து, ஒரு டீயைப் பசையிட்டுப் பொருத்தி, திருகுமிடத்தில் டெஃப்லான் நாடா சுற்றினேன். வால்வை மூட மறந்ததால் முதலில் நனைந்தது என் சட்டைதான். அல்ஹம்துலில்லாஹ், லுஹருக்கு முன் வேலை முடிந்துவிட்டது.

அருகில் நின்ற மாணவர் கேட்டார்: "ஹஜ்ரத், இதற்கு அரபியில் என்ன பெயர்?"

"ஸுன்பூர் என்பர். மிஸ்ரு நாட்டு மக்கள் ஹனஃபிய்யா என்பர்."

பெயர்க் காரணத்தையும் கேட்டார். ஆண்டுக்கணக்காக வகுப்பில் சொல்லி வந்த கதையையே அவருக்கும் சொன்னேன். கெய்ரோவிலுள்ள முஹம்மது அலி பள்ளிவாசலில் முதன்முதலாகக் குழாய்கள் பொருத்தப்பட்டபோது, ஏனைய மத்ஹபுகளின் உலமாக்கள் அதனை பித்அத் என்று எதிர்த்தனராம், ஹனஃபீ உலமாக்கள் மட்டும் அனுமதித்தனராம், ஆகவே அப்பெயராம். கைபேசிகளில் அடிக்கடி வலம் வரும் கதைதான்.

அம்மாணவர் காயல்பட்டினத்து ஷாஃபிஈ குடும்பத்தவர். "எங்கள் இமாம்கள் தண்ணீர்க் குழாயையா எதிர்த்தார்கள்?" என்றார். அவர் முகம் வாடியதைக் கண்டபின் எனக்கு அன்றிரவு உறக்கம் வரவில்லை. நூல்களைப் புரட்டினேன்.

எட்வர்ட் லேன் என்னும் ஆங்கிலேயர் கெய்ரோவில் பல்லாண்டுகள் தங்கி, எகிப்தியரின் வாழ்க்கைமுறை குறித்து 1836இல் ஒரு நூல் வெளியிட்டார். பள்ளிவாசல்களில் உயரமாக அமைந்து, சுற்றிலுமுள்ள துவாரங்கள் வழியே நீர் விழும் தொட்டியை அவர் அதில் வருணிக்கிறார். அத்தொட்டிக்கு அவர் தரும் பெயர் ஹனஃபிய்யா. முஹம்மது அலி பள்ளிவாசலின் கட்டுமானமோ 1830இல்தான் தொடங்கியது. 1836இல் அது முடிந்திருக்கவில்லை. எனவே, அங்கு குழாய் வைத்ததனால் பிறந்த பெயரன்று இது. பெயர் முந்தியது, கதை பிந்தியது.

காரணம் ஃபிக்ஹு நூல்களிலேயே தெளிவாக இருக்கிறது. உளூச் செய்து வழிந்த நீர் மீண்டும் உளூவுக்கு ஆகாது. அது சிறு தொட்டியில் கலந்துவிடக் கூடாதென்பதில் ஹனஃபீ மத்ஹபினர் மிகுந்த பேணுதல் உடையோர். நீர் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அல்லது தொட்டி பத்து முழத்துக்குப் பத்து முழம் பரப்புடையதாக இருக்க வேண்டும். நம் பக்கத்துப் பழைய ஹனஃபீ பள்ளிகளின் ஹவுளு அத்துணைப் பெரிதாக இருப்பதும் இதனாலேயே. ஷாஃபிஈ மத்ஹபில் இரண்டு குல்லத்து, அதாவது ஏறத்தாழ 200 லிட்டர் நீர் இருந்தால் போதும்.

எகிப்திய மக்களுள் பெரும்பாலோர் ஷாஃபிஈ, மாலிகீ மத்ஹபினர். 1517 முதல் ஆட்சி செய்த உஸ்மானியரோ ஹனஃபீகள். பெரிய ஹவுளுக்கு இடமில்லாத பள்ளியில், துவாரம் வழியே விழும் நீர் அவர்களுடைய தேவையை நிறைவு செய்தது. ஹனஃபீகளுக்குரிய தொட்டி ஹனஃபிய்யா ஆயிற்று. பின்னர் அப்பெயர் தொட்டியிலிருந்து குழாய்க்கு இறங்கிற்று. இதில் எதிர்த்தவர் யார், தோற்றவர் யார்? சான்றில்லாத ஒரு கதையால் மூன்று மத்ஹபுகளின் உலமாக்களைப் புதுமைக்கு அஞ்சியோராக நானே இத்தனை காலம் சித்திரித்திருக்கிறேன், அல்லாஹ் மன்னிப்பானாக.

மறுநாள் வகுப்பில் முதலில் அக்கதையைத் திரும்பப் பெற்றேன். காயல்பட்டினத்துப் பிள்ளை சிரித்துவிட்டு, குழாயடியில் நீர் கசிகிறதென்றார். நாடாவை இன்னும் இரண்டு சுற்றுச் சுற்றினோம்.