வீட்டை ஓட்டிக்கிட்டு வேலைக்குப் போறவங்க: அமெரிக்காவின் சீசன் தொழிலாளிகளின் கதை

இன்னைக்கு எபிசோட்ல நாம போகப்போற முதல் ஊர் காஃபிவில். அமெரிக்காவுல, கான்சஸ் மாநிலத்தோட தென்கிழக்கு ஓரத்துல இருக்கிற சின்ன ஊர். 2008-ல, கிறிஸ்துமஸ் சீசனுக்கு முன்னாடி, அங்க இருந்த அமேசான் கிடங்குக்கு ஆள் தேவைப்பட்டது. கிறிஸ்துமஸ் வரைக்கும் ஆர்டர் குவியும். அதுக்கப்புறம் சட்டுன்னு குறைஞ்சிடும். சில மாசத்துக்கு மட்டும் அவ்வளவு பேரை அந்த மாதிரி ஊர்ல எங்க போய்ப் பிடிக்கிறது?

அவங்க கண்டுபிடிச்ச வழி, ஆர்.வி.-யில வாழ்றவங்களைக் கூப்பிடுறது. ஆர்.வி.-ன்னா வேற ஒண்ணும் இல்லை, சினிமா ஷூட்டிங்ல நடிகர்களுக்கு நிக்குமே கேரவன், அந்த வகையறா. படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளேயே. அமெரிக்காவுல நிறைய பேருக்கு அது லீவுக்குப் போற வண்டி. சிலருக்கு அதுதான் வீடு, வேற வீடு கிடையாது. காஃபிவில்ல ஆரம்பிச்ச அந்த ஏற்பாட்டுக்கு கேம்பர்ஃபோர்ஸ்னு பேரு வெச்சாங்க. பிறகு கென்டக்கியில கேம்ப்பெல்ஸ்வில், நெவாடாவில ஃபெர்ன்லின்னு அது பரவிச்சு. மணிக்கு இவ்வளவுன்னு கூலி, வண்டியை நிறுத்த இடத்துக்கான காசு. வந்தவங்கள்ல நிறைய பேர் அறுபது, எழுபது வயசுக்காரங்க.

நான் பார்க்கிற வேலையில இதுக்கு ஆட்டோ ஸ்கேலிங்னு பேரு. தீபாவளி சேல் அன்னைக்கு டிராஃபிக் எகிறும்; கிளவுட்ல கூடுதலா சர்வர் எடுப்போம்; கூட்டம் குறைஞ்சதும் விட்டுடுவோம். விட்ட சர்வர் ராத்திரி எங்க படுக்கும்னு யாரும் கவலைப்பட வேண்டியதில்லை. ஆனா மனுஷங்க சீசன் முடிஞ்ச பிறகும் எங்கயாவது இருக்கணும், சாப்பிடணும், அடுத்த வேலை இருக்கிற ஊருக்குப் போய்ச் சேரணும். அந்தச் செலவு யார் தலையில விழுது? சுமார் 150 வருஷ அமெரிக்க வரலாறை இந்த ஒரே கேள்வியை வெச்சுப் படிக்கலாம்னு எனக்குத் தோணுது. இன்னைக்கு அதைத்தான் செய்யப்போறோம்.

சரக்கு ரயில் காலம்

அமெரிக்க உள்நாட்டுப் போர் 1865-ல முடிஞ்சது. 1869-ல ரயில் பாதை நாட்டோட ஒரு பக்கத்தையும் இன்னொரு பக்கத்தையும் இணைச்சது. நடுவுல இருந்த பெரிய சமவெளி கொஞ்சம் கொஞ்சமா கோதுமை வயலாச்சு. கோதுமை எல்லா இடத்துலயும் ஒரே நாள்ல விளையாது. தெற்கே டெக்சாஸ், ஓக்லஹோமா பக்கம் முதல்ல முத்தும். கோடை நகர நகர கான்சஸ், நெப்ராஸ்கா, கடைசியா டகோட்டா. அறுப்பு ஆளும் அது பின்னாடியே வடக்கே போகணும். டிக்கெட்டுக்குக் காசு கிடையாது. அதனால சரக்கு ரயில்ல தொத்திக்கிட்டுப் போனாங்க. இவங்களுக்குத்தான் ஹோபோன்னு பேரு.

அந்த உலகத்துக்குள்ளேயே ஒரு வித்தியாசம் பார்ப்பாங்க. ஊர் ஊராப் போய் வேலை செய்றவன் ஹோபோ. ஊர் சுத்துவான், வேலை செய்ய மாட்டான்னா டிராம்ப். ரெண்டுமே இல்லாதவன் பம். ஹோபோன்னு சொல்லிக்கிறதுல ஒரு மானம் இருந்தது. நெல்ஸ் ஆண்டர்சன்னு ஒரு சமூகவியலாளர், தானே அந்த வாழ்க்கையை வாழ்ந்தவர், சிகாகோவுல இவங்களை ஆராய்ஞ்சு 1923-ல 'தி ஹோபோ'ன்னு ஒரு புத்தகம் போட்டார். ரயில் ஜங்ஷன் பக்கத்துல இவங்க தங்குற இடத்துக்கு 'ஜங்கிள்'னு பேரு. ஆளுக்குக் கிடைச்சதைக் கொண்டுவந்து ஒரே பானையில போட்டுச் சமைப்பாங்க. குளிர்காலத்துக்கு சிகாகோ மாதிரி நகரத்துல மலிவான விடுதி.

ஆக, நம்ம கேள்விக்கு முதல் பதில்: எல்லாம் தொழிலாளி பாடு. விவசாயிக்கு அறுவடை நேரத்துல ஆள் வேணும், அவ்வளவுதான். ஆனா ஒரே இடத்துல கூடித் தங்கினதால அவங்களால பேச முடிஞ்சது. 1915-ல கான்சஸ் சிட்டியில ஐ.டபிள்யூ.டபிள்யூ. தொழிற்சங்கம் வயல் தொழிலாளிகளுக்குன்னே ஒரு அமைப்பைத் தொடங்கிச்சு. சரக்கு ரயில்லயும் ஜங்கிள்லயும்தான் ஆள் சேர்த்தாங்க. அப்புறம் 1920-கள்ல கம்பைன் அறுவடை இயந்திரம் வயலுக்கு வந்தது. அத்தனை கைகளுக்கும் தேவையில்லாமப் போச்சு.

மச்சானைக் கூட்டி வந்த குற்றம்

அதே காலத்துல காரும் வந்தாச்சு. 1919-ல ஃப்ளோரிடாவுல டாம்பா நகரத்துல 'டின் கேன் டூரிஸ்ட்ஸ்'னு காரில கூடாரம் போட்டுச் சுத்துறவங்க ஒரு சங்கமே ஆரம்பிச்சாங்க. 1936-ல ஏர்ஸ்ட்ரீம் கம்பெனி அலுமினிய உடம்போட 'கிளிப்பர்' டிரெய்லரைக் கொண்டுவந்தது. காசு இருக்கிறவனுக்குச் சாலை ஒரு விளையாட்டு மைதானம்.

அதே ரோட்டுல இன்னொரு கூட்டமும் போச்சு. பொருளாதார வீழ்ச்சி ஒரு பக்கம், சமவெளியில வறட்சியும் புழுதிப் புயலும் இன்னொரு பக்கம். நிலத்தை இழந்த குடும்பங்கள் பழைய கார் மேல மெத்தையையும் பாத்திரத்தையும் கட்டிக்கிட்டு 66-ஆம் நம்பர் சாலையில கலிஃபோர்னியாவுக்குப் போனாங்க. அங்க பழத்தோட்டத்துலயும் பருத்திக் காட்டுலயும் வேலை இருக்குன்னு பேச்சு.

கலிஃபோர்னியா எப்படி வரவேற்றது? 1936 பிப்ரவரியில லாஸ் ஏஞ்சலஸ் போலீஸ் தலைவர் ஜேம்ஸ் டேவிஸ் தன்னோட 136 போலீஸ்காரங்களை மாநில எல்லைக்கே அனுப்பி, கையில காசு இல்லாதவங்களைத் திருப்பி அனுப்பச் சொன்னார். ஒரு நகரத்து போலீஸ், மாநில எல்லையில! சில வாரம் இது நடந்தது.

இதைவிட முக்கியமானது ஒரு வழக்கு. மேரிஸ்வில்னு ஒரு கலிஃபோர்னியா ஊர்ல இருந்த எட்வர்ட்ஸ், டெக்சாஸ்ல ஸ்பர்ங்கிற ஊருக்குப் போய், மனைவியோட சகோதரன் டங்கனைத் தன் கார்லயே கூட்டிக்கிட்டு வந்தார். 1940 ஜனவரி 1 கிளம்பி 3-ஆம் தேதி கலிஃபோர்னியா எல்லைக்குள்ள வந்துட்டாங்க. டங்கனுக்கு வேலை இல்லை. கிளம்பும்போது கையில சுமார் 20 டாலர். மேரிஸ்வில் வந்து சேரும்போது அதுவும் தீர்ந்துபோச்சு. ஏழைன்னு தெரிஞ்சே ஒருத்தரை மாநிலத்துக்குள்ள கொண்டுவர்றது அங்க குற்றம். எட்வர்ட்ஸுக்கு ஆறு மாசம் நிறுத்திவைக்கப்பட்ட சிறைத் தண்டனை. மச்சானை வீட்டுக்குக் கூட்டி வந்ததுக்கு!

வழக்கு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போச்சு. 1941 நவம்பர்ல எல்லா நீதிபதிகளும் ஒருமனதா அந்தச் சட்டத்தை ரத்து பண்ணினாங்க. வறுமையையும் ஒழுக்கக்கேட்டையும் ஒண்ணாப் பார்க்க முடியாதுங்கிறது தீர்ப்போட சாரம். அதுக்கப்புறம், பணம் இல்லைங்கிற காரணத்தைக் காட்டி யாரையும் மாநில எல்லையில நிறுத்த முடியாது. இதை மனசுல வெச்சுக்கோங்க, கடைசியில திரும்ப வருவோம்.

அந்தக் காலத்துல அரசாங்கமும் ஒரு பதில் சொல்லிப் பார்த்தது. கலிஃபோர்னியாவுல ஆர்வின் பக்கத்துல இருந்த வீட்பேட்ச் மாதிரி முகாம்கள். தண்ணி, கழிப்பறை, குளிக்கிற இடம், முகாம் நிர்வாகத்துல தொழிலாளிகளுக்கே ஒரு குரல். ஸ்டெயின்பெக் 1939-ல எழுதின 'தி கிரேப்ஸ் ஆஃப் ராத்' நாவல்ல வர்ற முகாம் இதைப் பார்த்து உருவானதுதான். ஆனா 1938-ல வந்த குறைந்தபட்சக் கூலிச் சட்டம் விவசாயத் தொழிலாளிகளை வெளியேதான் நிறுத்தி வெச்சது. போர் வந்ததும் பழைய ஆளுங்க தொழிற்சாலைக்குப் போனாங்க. 1942-லேர்ந்து 1964 வரைக்கும் ப்ராசெரோ திட்டத்துல மெக்சிகோவிலிருந்து ஒப்பந்தத்துல ஆள் வந்தாங்க. சீசன் முடிஞ்சா அவங்க எங்க இருக்கணும்? எல்லைக்கு அந்தப் பக்கம்.

ஓய்வுக்காலம் காணாமப் போன கதை

இப்போ 2008-ல கிடங்குக்கு வந்த பெரியவங்க கிட்ட வருவோம். அமெரிக்காவுல முதியோருக்கான சோஷியல் செக்யூரிட்டி சட்டம் 1935-ல வந்தது. அதோட கம்பெனி பென்ஷன், கொஞ்சம் சேமிப்பு, கடன் அடைச்ச வீடு. ஓய்வுக்காலம்னா இதுதான் கணக்கு. 1978-ல வரிச் சட்டத்துல 401(கே)-ன்னு ஒரு பிரிவு சேர்ந்தது. அதுக்கப்புறம் கம்பெனிகள் மாசாமாசம் வர்ற பென்ஷனைக் கைவிட்டு, தொழிலாளியே பங்குச்சந்தையில போட்டுச் சேர்க்கிற கணக்குக்கு மாறினாங்க. சந்தை விழுந்தா நஷ்டமும் அவரோடது. 2008-ல சந்தையும் விழுந்தது, வீட்டு விலையும் விழுந்தது.

சீசன் வேலைக்கு ஆர்.வி.-யில போறது அப்போ புதுசு இல்லை. 1987-லேயே ஆர்கன்சாஸ்லேர்ந்து 'வொர்க்கேம்பர் நியூஸ்'னு ஒரு பத்திரிகை இந்த வேலை விளம்பரங்களுக்குன்னே வந்தது. இவங்களை வொர்க்கேம்பர்னு சொல்ற பழக்கம் அதிலேர்ந்துதான். 2008-க்கு அப்புறம் வாடகையோ வீட்டுக் கடனோ கட்ட முடியாம இந்தப் பக்கம் வந்தவங்க பலர். பத்திரிகையாளர் ஜெசிகா ப்ரூடர் இவங்களோட பயணம் பண்ணி 2017-ல 'நோமேட்லேண்ட்' புத்தகத்தை எழுதினாங்க.

ஒரு வருஷம் எப்படிப் போகும்னு பாருங்க. கோடையில காட்டுப் பகுதி முகாம்கள்ல கேம்ப் ஹோஸ்ட் வேலை: வர்றவங்களை வரவேற்கணும், காசு வாங்கணும், கழிப்பறை கழுவணும், நெருப்புக் குழியில சாம்பல் அள்ளணும். அக்டோபர் பிறந்தா வடக்கு டகோட்டா, மினசோட்டா எல்லையில சர்க்கரைப் பீட் அறுவடை. ராத்திரி பகலா 12 மணி நேர ஷிஃப்ட். லாரியிலிருந்து பீட்டைக் கொட்டி ராட்சச இயந்திரம் மலையாக் குவிக்கும். குவியல் குளிர்ல உறைஞ்சு மாசக்கணக்கா வெளியிலேயே கிடக்கும். வெயில் ஏறினா பீட் அழுகிடும்னு வேலையை நிறுத்திடுவாங்க. இல்லைன்னா, அந்த ஏற்பாடு இருந்த காலத்துல, கிறிஸ்துமஸ் வரைக்கும் அமேசான் கிடங்கு. கான்க்ரீட் தரையில நாள் முழுக்க நடை. கிடங்குக்குள்ள வலி மாத்திரையை இலவசமா வெச்சிருந்தாங்கன்னு ப்ரூடர் எழுதுறாங்க. ஏழை முதியவர்களுக்கான அரசு உதவித்தொகை வாங்குறவங்களை வேலைக்கு எடுத்தா முதலாளிக்கு அப்போ வரிச்சலுகை கிடைச்சது, அதிகபட்சம் 2,400 டாலர் வரை.

நம்ம கேள்விக்கு இது புதுப் பதில். ஹோபோ காலத்துல முதலாளி தங்குமிடத்தைப் பத்திக் கவலைப்படலை. இப்போ தொழிலாளியே வீட்டைக் கொண்டு வர்றார். அதுக்கு டீசல், டயர், ரிப்பேர், இன்ஷூரன்ஸ் எல்லாம் அவர் பொறுப்பு. முதலாளி பக்கத்துச் செலவு, வண்டி நிறுத்த ஒரு இடமும் கரன்ட், தண்ணி, கழிவுநீர் இணைப்பும்.

அதுக்காக இவங்களை வெறும் பாவப்பட்டவங்களா மட்டும் பார்க்கவும் எனக்கு மனசு வரலை. குளிர்காலத்துல அரிசோனா பாலைவனத்துல குவார்ட்ஸைட்ங்கிற சின்ன ஊருக்கு ஆயிரக்கணக்கான வண்டிகள் வந்து சேரும். பக்கத்துல அரசு நிலத்துல செப்டம்பர் 15-லேர்ந்து ஏப்ரல் 15 வரைக்கும் தங்க 180 டாலர்தான் கட்டணமா இருந்தது. ஏழு மாச வாடகை! 2010-லேர்ந்து பாப் வெல்ஸ்ங்கிறவர் அந்தப் பக்கம் ஒரு வருடாந்திரக் கூட்டம் நடத்த ஆரம்பிச்சார். வேன்ல எப்படித் தூங்குறது, எப்படிச் சோலார் மாட்டுறதுன்னு ஒருத்தருக்கொருத்தர் சொல்லித் தருவாங்க. ஜங்கிளோட பொதுப் பானை வேற வடிவத்துல திரும்பி வந்திருக்கு.

ஆனா இந்தச் சுதந்திரம் எல்லாருக்கும் ஒரே மாதிரி இல்லை. இங்க பெரும்பாலும் வெள்ளைக்காரங்கதான் இருக்காங்கன்னு ப்ரூடரே கவனிக்கிறாங்க. ராத்திரி ரோட்டோரத்துல வண்டிக்குள்ள தூங்கும்போது போலீஸ் கதவைத் தட்டினா, கறுப்பினத்தவருக்கு அது வேற மாதிரி பயம். 1936-லேயே விக்டர் ஹியூகோ கிரீன், கறுப்பினத்தவர் பயணத்துல எங்க பாதுகாப்பா தங்கலாம்னு 'கிரீன் புக்' போட வேண்டி வந்த நாடு அது.

போகலாம், நிக்கக் கூடாது

இன்னொரு சிக்கல், முகவரி. லைசென்ஸ், பேங்க், இன்ஷூரன்ஸ் எல்லாத்துக்கும் ஒரு முகவரி வேணும். தெற்கு டகோட்டாவுல ஒரு ராத்திரி தங்கின ரசீதும் தபால் வாங்கித் தர்ற நிறுவனத்தோட முகவரியும் இருந்தா லைசென்ஸ் எடுத்துடலாம். ஆனா 2023-ல அதே மாநிலம், ஓட்டுப் பதிவுக்கு 30 நாள் அங்க வசிச்சிருக்கணும்னு சட்டம் போட்டது.

இப்போ எட்வர்ட்ஸ் வழக்குக்குத் திரும்புவோம். 1941-ல நீதிமன்றம் ஏழை ஆனாலும் எந்த மாநிலத்துக்கும் போகலாம்னு சொன்னது. 2024 ஜூன்ல, ஓரிகன் மாநிலத்துல கிராண்ட்ஸ் பாஸ் நகரம் சம்பந்தப்பட்ட வழக்குல, அதே உச்ச நீதிமன்றம் 6-க்கு 3-ன்னு ஒரு தீர்ப்பு கொடுத்தது. பொது இடத்துல முகாம் போட்டுத் தூங்குறதுக்கு நகரங்கள் அபராதம், தண்டனை விதிக்கலாம், தங்க வேற இடம் இல்லாதவங்களா இருந்தாலும் சரி. ரெண்டையும் சேர்த்துப் படிச்சா, போறதுக்கு உரிமை இருக்கு, வழியில நிக்கிறதுக்கு இல்லை.

அறுவடைக்கும் பண்டிகை சேலுக்கும் இவங்க கட்டாயம் வந்தாகணும். வேலை முடிஞ்ச மறுநாள் கண்ணுல படக் கூடாது. 1936-ல எல்லையில நின்ன போலீஸும் பழத்தோட்டக்காரரும் ஒரே மாநிலத்துலதான் இருந்தாங்கங்கிறதை யோசிச்சுப் பாருங்க.

'நோமேட்லேண்ட்' படம் 2021-ல சிறந்த படம், இயக்குநர், நடிகைன்னு மூணு ஆஸ்கர் வாங்கிச்சு. லிண்டா மே, ஸ்வாங்கி, பாப் வெல்ஸ் எல்லாம் அதுல அவங்களாவே நடிச்சிருப்பாங்க. படம் பார்த்தவங்க நிறைய பேர் அந்தப் பாலைவனத்து அஸ்தமனத்தைப் பத்திப் பேசுறாங்க. நல்லாத்தான் இருக்கும். அடுத்த தடவை பார்க்கும்போது, ஒவ்வொரு சீன்லயும் அந்த வண்டி எங்க நிக்குது, அங்க எத்தனை நாள் நிக்கலாம், அதுக்கு யார் காசு கொடுக்கிறாங்கன்னு மட்டும் கவனிச்சுக்கிட்டே பாருங்க. என்ன தோணுச்சுன்னு எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.