ஜேக்கப்சன் பெயரில் வேறொரு உண்ணி

என் மேசை இழுப்பறையில் பழைய கண்ணாடிச் சில்லுகள் கிடக்கின்றன. இத்தாலியத் தேனீப் பெட்டியில் எடுத்த உண்ணிகள். ஒவ்வொன்றின் ஓரத்திலும் என் கையெழுத்தில் ‘வரோவா ஜேக்கப்சோனி’. அந்தப் பெயர் தப்பு என்பது 2000இல்தான் தெரிந்தது.

எட்வர்ட் ஜேக்கப்சன் ஜாவாவில் சேகரித்த உண்ணியை 1904இல் விவரித்து, அவர் பெயரையே வைத்தவர் டச்சுக்காரர் அவுடெமான்ஸ். நம் ஊர்ப் பொந்துகளில் அடை கட்டுகிறதே, அதே இனத் தேனீயின் உண்ணி அது. அந்தத் தேனீயிடம் ஆண் புழு அறைகளில்தான் பெருகும், கூடு தாங்கிக்கொள்ளும். இத்தாலியத் தேனீ அடங்கிய ஐரோப்பியத் தேனீ இனத்துக்கு உண்ணி தாவியதும் வேலைக்காரப் புழு அறைகளும் தப்பவில்லை. பெட்டி பெட்டியாகத் தேனீக்கள் செத்தன. உலகமே ஜேக்கப்சோனியைக் குற்றம் சொன்னது. நானும்தான்.

டெனிஸ் ஆண்டர்சன் என்ற ஆஸ்திரேலிய ஆய்வாளர் இந்தோனேசியாவிலும் பாப்புவா நியூ கினியிலும் ஒன்றைக் கவனித்தார். அங்கே உண்ணி ஐரோப்பியத் தேனீயின் அறைக்குள் நுழைகிறது, ஆனால் முட்டையிடவில்லை. ஒரே இனம் என்றால் இது எப்படி? எனக்கு இந்த வரலாற்றில் மிகப் பிடித்த இடம் இதுதான். மரபணுவுக்கு முன்பே, உண்ணி முட்டை இல்லாத ஓர் அறை அவருக்கு உண்மையைக் காட்டிவிட்டது. பிறகு ட்ரூமேன் என்ற சக ஆய்வாளருடன் சேர்ந்து 32 நாடுகளின் உண்ணிகளை மரபணு வழியே ஒப்பிட்டார். ஜாவா உண்ணி வேறு, உலகெங்கும் பெட்டிகளை அழித்தது வேறு. இரண்டாவதற்கு ‘டெஸ்ட்ரக்டர்’ என்று பெயரிட்டார்கள். இலங்கைத் தேனீயில் கிடைத்ததும் இந்த இரண்டாவதுதான்.

இந்தச் செய்தி தெரிந்த அன்று இரவே சில்லுகளை நுண்ணோக்கியில் வைத்தேன். செம்பழுப்பு ஓடு, நண்டு போல நீளத்தைவிட அகலம் கூடுதல், ஓட்டுக்கு அடியில் ஒடுங்கிய கால்கள். ஜேக்கப்சோனியின் அகலம் சுமார் 1.5 மில்லிமீட்டர், டெஸ்ட்ரக்டர் சுமார் 1.7. அளவுகோலின் கோடுகளை எண்ணினேன், திரும்பவும் எண்ணினேன். என்னுடையவை 1.7ஐ ஒட்டியே நின்றன. இத்தனை காலம் கண்ணெதிரே இருந்த வித்தியாசம்!

சீட்டுகளை மாற்றி எழுதினேன். பழைய பெயரை அழிக்கவில்லை, கோடு மட்டும் போட்டேன். எந்தத் தேனீயில், எந்தத் தேதியில் எடுத்தது என்பதையும் சேர்த்தேன். அது வீண்போகவில்லை: 2008இல் பாப்புவா நியூ கினியில் அசல் ஜேக்கப்சோனியே ஐரோப்பியத் தேனீயின் அறைகளில் இனப்பெருக்கம் செய்யத் தொடங்கியிருந்தது.